ராஜபாளையம் நாய் முரடா?

கேள்வி: ராஜபாளையம் குட்டி வாங்க ஆசை. ‘வளர்த்தவரையே கடிக்கும்’ என்று மாமனார் தடுக்கிறார். உண்மையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மாமனார் பார்த்தது அநேகமாக நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாயாக இருக்கும். அப்படிக் கட்டிப்போட்டால் எந்த நாயும் சிடுசிடுக்கும்.

காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் தென்தமிழகத்தில் வளர்த்த இனம் இது. வேற்றாளை நம்பாது; வீட்டாரில் ஒருவரிடம் உயிராக ஒட்டிக்கொள்ளும். வருவோர் போவோருக்கெல்லாம் வாலாட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதற்கும் இடம் கிடைத்தது. மரியாதை தபால்தலையோடு நின்றுவிட்டது என்பது என் வருத்தம்.

பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று தேடித்தேடி வாங்குகிறோமே, அங்கேதான் சிக்கல். நிறமி இல்லாமை உள்காதையும் பாதிப்பதால், இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. ‘சொன்ன பேச்சு கேட்காது’ என்று திட்டு வாங்கும் நாய்களில் சில நிஜமாகவே செவிடு. தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். பழி குணத்தின் மேல் விழும். வாங்குமுன், குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாவிட்டால் இதில் தெரியாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

குட்டியிலேயே நாலு பேரோடு பழக்குங்கள். தினமும் ஓடவிடுங்கள். குட்டை முடி என்பதால் குளிப்பாட்டுவது எளிது, ஆனால் சொறி, உண்ணி பார்க்கவேண்டும். ஃபிளாட்டில் குடியிருந்தால் இந்த ஆசையே வேண்டாம்.