சபையின் கணக்கும் ஊழியரின் சம்பளமும்

யட்டியாந்தோட்டை

அன்பு மகளுக்கு,

உள்ளூராட்சி மன்றங்களின் பணத் தட்டுப்பாட்டைப் பற்றிய பேச்சு எப்போதும் செலவுப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. "சபையில் காசில்லை, வருகிறதெல்லாம் சம்பளத்துக்கே போய்விடுகிறது" என்று தவிசாளர் சொல்கிறார். எதிர்க்கட்சி உறுப்பினரும் அதையே சொல்கிறார், தேநீர்க்கடையில் பத்திரிகை புரட்டுகிறவரும் சொல்கிறார். உயர்தர வகுப்பில் எழுந்த கேள்வியும் அதே தடத்தில் வந்ததுதான்: காசில்லை என்பது உண்மையானால், அந்த நேரத்தில் சம்பள உயர்வு கேட்பது அநியாயம் இல்லையா? பற்றாக்குறை மழை போல வானத்திலிருந்து விழுகிறது என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் பிழையானது. யாரிடம் வரி வாங்குவது, யாரிடம் வாங்காமல் விடுவது, யாரை எந்த நியமனத்தில் வேலைக்கு வைப்பது என்று பல ஆண்டுகளாக எடுக்கப்பட்ட தீர்மானங்களின் விளைவே பற்றாக்குறை. தீர்மானித்தவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். தகராறு அங்கேதான் பிறக்கிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் சபைக்கு வருமானம் மூன்று வழிகளில் வருகிறது. சபை தானே அறவிடுவது முதல் வழி: சோலை வரி, ஏக்கர் வரி, வியாபார அனுமதிக் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை. மாகாண சபை ஊடாக வரும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் இரண்டாவது. நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்காகத் திறைசேரி மாகாணத்தின் வழியே மீளளிக்கும் பணம் மூன்றாவது. அவிசாவளை – ஹட்டன் வீதியோரத்து நகரமும் அதைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களுமாக அமைந்த ஒரு பிரதேசத்தில் இதன் பொருள் என்னவென்று யோசிக்க வேண்டும். அபிவிருத்தியடைந்த பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில்தான் சோலை வரி. ஆகவே அது கடைத்தெருவோடு நின்றுவிடுகிறது. பயிர்ச்செய்கை நிலத்துக்கு உரியது ஏக்கர் வரி. அந்த நிலத்தின் விளைச்சல் மதிப்போடு ஒப்பிட்டால் அது சொற்பத் தொகை. பிரதேசத்தின் பெரும் செல்வம் மலைச்சரிவுகளில் விளைய, சபையின் பெட்டிக்குப் பணம் கடைக்காரரிடமிருந்து வருகிறது. இப்படிப்பட்ட சபைக்குக் காசில்லாமல் போவதில் வியப்பு எதுவும் இல்லை.

செலவுப் பக்கத்தில் இரண்டு வகை ஊழியர் உண்டு. இவர்களைப் பிரித்துப் பார்க்காமல் விவாதிப்பது வீண் வேலை. அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக்குள் இருக்கும் நிரந்தர ஊழியரின் சம்பள அளவைச் சபை தீர்மானிப்பதில்லை, கொழும்பு தீர்மானிக்கிறது. 2025 பெப்ரவரி 17ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக, 2027 வரை கட்டம் கட்டமாக உயர்த்தியது. அந்த உயர்வு குறித்து எந்தப் பிரதேச சபையும் வாக்களிக்கவில்லை. மீளளிப்பு முழுமையாக வந்தால் சபைக்குச் சிரமம் இல்லை. அதில் ஒரு பங்கைச் சபையே ஏற்க வேண்டும் என்றால், கொழும்பில் கொடுத்த வாக்குறுதிக்குக் கடைத்தெருவின் சோலை வரி பணம் கட்டுகிறது.

இரண்டாவது வகையினர் அமைய ஊழியரும் ஒப்பந்த ஊழியரும். குப்பை வண்டியின் பின்னால் நிற்கிறவர், வடிகானில் இறங்குகிறவர், மயானத்தைப் பராமரிக்கிறவர் ஆகியோரில் பலர் இந்த வகையினர். தேர்தலை ஒட்டி அரசியல்வாதிகளின் சிபாரிசில் சேர்க்கப்பட்டு, சபையின் சொந்த நிதியிலிருந்து நாட்கூலி பெற்று, பத்து ஆண்டுகள் கழிந்தும் நிரந்தர நியமனம் கிடைக்காதவர்கள் இவர்களில் உண்டு. 2024இல் நாடு முழுவதும் நிரந்தர நியமனத்துக்காகக் காத்திருந்த உள்ளூராட்சி ஊழியர் சுமார் 8,400 பேர். இவர்களைச் "சபைக்குப் பாரம்" என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குப்பை அள்ளுவது சபையின் கடமை, அள்ளுகிறவரின் கூலி அந்தக் கடமையின் விலை. விலையைக் கொடுக்காமல் கடமையை நிறைவேற்ற விரும்புகிறவர், தமது பற்றாக்குறையை ஊழியரின் அடுப்பங்கரைக்கு மாற்றி வைக்கிறார்.

வரவு செலவுத் திட்டத்தில் தெரியாத பற்றாக்குறை ஒன்றும் இருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டப் புறங்களில் தாராளமாகச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து வாக்காளர் சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் லயத்துக்குப் போகும் பாதையைச் சபை திருத்துவதற்குச் சட்டம் வழிவிடவில்லை. இந்த நிலை 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. செய்யாத வேலைக்குச் செலவில்லை, செலவில்லாத இடத்தில் பற்றாக்குறையும் காட்டப்படுவதில்லை. முப்பது ஆண்டுகள் சபையின் ஏடு சரியாக இருந்தது, தோட்டத்துப் பாதை குழியாகவே கிடந்தது. சமநிலையான வரவு செலவுத் திட்டம் நல்லாட்சியின் அடையாளம் என்று எழுதும் பாடநூலாசிரியர்கள் இந்த ஒரு பிரிவை மட்டுமாவது படித்திருக்க வேண்டும்.

சம்பளத் தகராறின் மூன்று பக்கங்களையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் கற்க முடியுமானால், அவர் கலாநிதி என். எம். பெரேரா. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைக் கிராமங்களில் நிவாரணம் வழங்கி, "பருப்பு மாத்தையா" என்று மக்களால் அழைக்கப்பட்டவர் அவர். 1936இல் ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். இலண்டனில் இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அறிஞர், இலங்கைத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர், 1954 முதல் 1956 வரை கொழும்பு மாநகர முதல்வர், 1964இலும் 1970 முதல் 1975 வரையும் நிதியமைச்சர். கூலி கேட்பவர், நகரக் கணக்கை நடத்துபவர், நாட்டுக் கணக்கை நடத்துபவர் என்ற மூன்று நாற்காலிகளிலும் அமர்ந்த வேறொருவரை இலங்கை வரலாற்றில் தேடிப் பிடிப்பது கடினம்.

முதல் நாற்காலியில் இருந்தபோது அவர் கேட்டவை எல்லோருக்கும் தெரியும். ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலில் அவருடைய லங்கா சமசமாஜக் கட்சி முன்னணியில் நின்றது. அன்றைய அரசாங்கத்தின் பதில் பழக்கமானதுதான்: கையில் காசில்லை, மானியத்தைத் தாங்க முடியாது. 1963இல் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து 21 கோரிக்கைகளை முன்வைத்தன. 1964 ஜூனில் அவர் நிதியமைச்சரானதும் அந்தப் பேரியக்கம் கலைந்தது, கட்சியும் பிளந்தது. 1970இல் மீண்டும் அதே அமைச்சு. 1972இல் வங்கி ஊழியர் நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது மேசையின் மறுபக்கத்தில் அவர் இருந்தார். 1973இல் எண்ணெய் விலையும் உணவு விலையும் உலகெங்கும் ஏறியபோது பங்கீட்டு உணவைக் குறைத்த அரசாங்கத்தின் நிதியமைச்சரும் அவரே. 1973–74இல் மலையகத் தோட்டங்களில் பட்டினி உயிர்களைக் கொண்டுபோனது.

இதைத் துரோகம் என்று ஒரு சாரார் எழுதினர், நிர்ப்பந்தம் என்று மறுசாரார் எழுதினர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். அவருடைய வரவு செலவு உரைகளை ஹன்சாட்டில் தேடிப் படிப்பது, பரீட்சைக்காக விற்கும் குறிப்புப் புத்தகங்கள் பத்தைவிடப் பயன் தரும். நாற்காலி மாறும்போது கணக்கு மாறுவதில்லை. அந்தக் கணக்கில் எந்தப் பத்தியைத் தொடலாம் என்பதே மாறுகிறது. மாநகர முதல்வர் சோலை வரியைத் தொடலாம், வருமான வரியைத் தொட முடியாது. நிதியமைச்சர் வருமான வரியைத் தொடலாம், உலகச் சந்தையில் எண்ணெய் விலையையும் தேயிலை விலையையும் தொட முடியாது. தொழிற்சங்கத் தலைவரால் எந்தப் பத்தியையும் தொட முடியாது, ஆனால் வேலையை நிறுத்தி மற்ற இருவரையும் தொட வைக்க முடியும். வேலைநிறுத்தத்தைப் பொறுப்பின்மை என்று ஏசுகிறவர்கள் கவனிக்க மறுப்பது இதைத்தான். கணக்கில் கைவைக்கும் அதிகாரம் இல்லாதவருக்கு இருக்கும் ஒரே வழி அது. அந்த வழியின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 1980 ஜூலையில் மாதம் 300 ரூபாய் உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த 40,000க்கும் மேற்பட்டோர் ஒரே அடியில் வேலை இழந்தனர்.

என். எம். பெரேராவின் வாழ்க்கை சொல்லித்தரும் மற்றொரு பாடமும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் விளைவாக, அவருடைய தொகுதியின் லயங்களில் வாழ்ந்த பெரும்பாலானோருக்கு அவருக்கு வாக்களிக்கும் உரிமையே இருக்கவில்லை. அந்தச் சட்டத்தை அவருடைய கட்சி எதிர்த்தது உண்மை. ஆனால் 1964 ஒக்டோபரில், லயத்து மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அவர் அமைச்சரவையில் இருந்தார் என்பதும் உண்மையே. வாக்கில்லாதவரின் தேவை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் முன்வரிசைக்கு வராது. எவ்வளவு நல்லவர் நிதியமைச்சராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

நாட்டளவிலும் பற்றாக்குறை தீர்மானத்தால் உருவாவதை அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது, வேறு வரிகளும் குறைந்தன, அரச வருமானம் சரிந்தது. கொவிட் கொள்ளைநோயும் கடன்சுமையும் சேர, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. வரி குறைத்தபோது கைதட்டியவர்களில் பலர், பின்னர் ஆசிரியரும் தாதியரும் சம்பளம் கேட்டபோது "நாடு இருக்கிற நிலையில் இதெல்லாம் தேவையா" என்று கேட்டார்கள். 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலும் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். அதுவரை இரண்டு ஆண்டுகள் சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை, அதிகாரிகளே நடத்தினர். "காசில்லை" என்பது விவாதத்தின் முடிவல்ல என்பதற்கு இந்த வழக்கே போதும்.

உலகப் பெருநகரங்களின் கதையும் இதுவே. 1975இல் நியூயோர்க் நகரத்துக்கு வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தபோது, ஆயிரக்கணக்கான ஊழியர் நீக்கப்பட்டனர், சம்பளம் முடக்கப்பட்டது. கடைசியில் ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியே நகரத்தின் கடன் பத்திரங்களை வாங்கி அதைத் தூக்கி நிறுத்தியது. பேமிங்ஹாம் நகர சபை 2023 செப்டெம்பர் 5இல் அத்தியாவசியம் அல்லாத செலவுகளை நிறுத்துவதாக அறிவித்தது. கணினித் திட்டம் ஒன்று தோல்வியடைந்ததும், மத்திய அரசின் நிதி பல ஆண்டுகளாகக் குறைந்ததும் காரணங்கள். ஆனால் பெரிய காரணம், சமமான வேலைக்குப் பெண் ஊழியருக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்துவந்த சம்பளத்தின் பாக்கி. அந்தப் பாக்கி 76 கோடி பவுண் வரை போகலாம் என்று சபையே மதிப்பிட்டது. பல ஆண்டுகளாக அந்த நகரத்தின் கணக்கு சமையல்காரப் பெண்களின் கூலியில் சமநிலைப்பட்டிருந்தது. தோட்டங்களில் பெண்களுக்குச் சம சம்பளம் 1984இல்தான் கிடைத்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. சென்னையில் 2025 ஆகஸ்டில் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனபோது, ரிப்பன் மாளிகை வாசலில் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்ததும், வாங்கிய கூலி குறையும் என்ற அச்சத்தினால்தான்.

இவ்வளவும் ஊழியர் கேட்பதெல்லாம் நியாயம் என்று நிறுவுவதற்காக அல்ல. ஆளணிக்கு மேல் ஆட்சேர்ப்பு நடப்பதுண்டு, வேலை செய்யாமல் கையெழுத்து வைப்பதும் உண்டு. அவற்றைக் கண்டிக்க வேண்டும். கோரிக்கையை ஆராய ஓர் ஒழுங்கு இருக்கிறது. அறவிட வேண்டிய வரியில் எவ்வளவு நிலுவை, அது யாருடைய நிலுவை என்று முதலில் பார்க்க வேண்டும். மாகாணத்திலிருந்தும் திறைசேரியிலிருந்தும் வர வேண்டிய பணம் வந்ததா என்பது அடுத்தது. சம்பள அளவைத் தீர்மானித்தவர் யார், பணம் கட்டுபவர் யார், இருவரும் ஒருவர்தானா என்பது மூன்றாவது. அமைய ஊழியர் செய்வது நிரந்தர வேலையானால் நியமனம் மட்டும் ஏன் தற்காலிகம் என்பது நான்காவது. இந்த நான்குக்கும் விடை கண்ட பிறகே, உயர்வு நியாயமா இல்லையா என்ற கேள்விக்கு வர வேண்டும். பத்திரிகைகளும் மேடைகளும் ஐந்தாவதிலிருந்து தொடங்குவதால்தான் விவாதம் வெறும் கூச்சலாக முடிகிறது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு இனி இன்னும் அவசியம். 1975 முதல் 1992 வரை தோட்டங்கள் அரசின் முகாமையில் இருந்தபோது, தோட்டக் கூலி ஒருவகையில் அரசாங்கத்தின் கணக்காகவே இருந்தது. பிறகு அது கம்பனிகளின் கணக்காயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாயாக்கவும், வருகைக்கான ஊக்குவிப்பாக நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசே கொடுக்கவும் முன்மொழிந்து, அதற்கென 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. தோட்டக் கூலியின் ஒரு பகுதி மறுபடியும் பொதுப் பணத்துக்குள் வந்திருக்கிறது. வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் "காசில்லை" என்ற பேச்சு இனி லயத்து வீட்டின் சம்பளத்தைப் பற்றியதாகவும் இருக்கும். அந்தப் பேச்சை நம்புவதற்கு முன்னும் மறுப்பதற்கு முன்னும், வரவுப் பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்