ஸ்கிரிப்ட் ஏன் உடனே நிற்கவில்லை?

கேள்வி: கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்கும் என் பேக்கப் ஷெல் ஸ்கிரிப்ட், கில் கட்டளைக்கு மட்டும் அசைவதில்லையே? ட்ராப் எழுதியிருக்கிறேன்.
– வாசகர், அம்பத்தூர் தொழிற்பேட்டை

பதில்: உங்கள் ட்ராப் சரிதான். முன்னணியில் ஒரு கட்டளை ஓடும்போது கில் அனுப்பும் சிக்டெர்ம் சிக்னல் வந்தால், அந்தக் கட்டளை முடியும்வரை பாஷ் ட்ராப்பைத் தொடாது. 600 விநாடி ஸ்லீப் என்றால் அத்தனையும் காத்திருக்கும். கன்ட்ரோல்-சி அப்படியில்லை, முன்னணிக் குழு முழுவதற்கும் போவதால் ஸ்லீப்பும் சேர்ந்தே சாகிறது.

நீண்ட வேலையை & போட்டுப் பின்னணிக்கு அனுப்பி, வெயிட் கொடுங்கள். சிக்னல் வந்ததும் வெயிட் 143 என்ற எண்ணோடு (128+15) திரும்பும். ட்ராப் உடனே ஓடும். அதற்குள்ளேயே பின்னணி வேலையையும் கில் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டேயிருக்கும். அவசரப்பட்டு கில் -9 மட்டும் வேண்டாம்: அதை எந்த ட்ராப்பும் பிடிக்காது, பேக்கப் பாதியில் அறுந்துவிடும்.