கடைசி ஊரின் தண்ணீரும் உன் கணக்குதான்

அன்புள்ள தம்பிக்கு,

பேரூராட்சிச் செயல் அலுவலராகத் தருமபுரி மாவட்டத்தில் பொறுப்பேற்கப் போகிறாய். உன் வார்டுகள், தெருக்கள், தொட்டிகளையெல்லாம் சீக்கிரமே தெரிந்துகொள்வாய். அதில் எனக்குக் கவலை இல்லை. எல்லைக்கு அப்பால் உள்ள ஊராட்சிகளையும் தெரிந்துகொள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதை யாரும் உனக்கு உத்தரவாகப் போடமாட்டார்கள்.

உன் ஊருக்கு வருவது ஒகேனக்கல் தண்ணீர். 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-இல் தொடங்கிவைத்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களும் பேரூராட்சிகளும் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களும் அதை நம்பியிருக்கின்றன. காவிரியில் எடுத்துச் சுத்திகரித்து மேட்டுக்கு ஏற்றி அனுப்புவது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. ஊர்த் தொட்டியில் விழுந்தபின் பொறுப்பு உள்ளாட்சிக்கு. சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஒரே கிளைக் குழாயில் முதலில் உன் பேரூராட்சி, அதற்குப்பின் சில ஊராட்சிகள் என்று வைத்துக்கொள். உன் வால்வை அரை மணி கூடுதலாகத் திறந்துவைத்தால் உன் தெருக்களில் உனக்கு நல்ல பெயர். கடைசி ஊரில் என்ன ஆகும்? காலிக்குடத்தோடு மறியல் நடந்தாலாவது விஷயம் வெளியே வரும். பெரும்பாலும் அதுவும் நடக்காது. டேங்க் ஆபரேட்டர் போர்வெல் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவார். குழாயில் தண்ணீர் வரும், பதிவேட்டில் குறை தெரியாது. ஆனால் எந்தப் புளோரைடுக்குப் பயந்து இத்தனை கோடி செலவழித்தோமோ, அது திரும்ப வீட்டுக்குள் வந்துவிடும்.

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக்கூடாது. இந்த மாவட்டத்து நிலத்தடி நீர் பல இடங்களில் அதைத் தாண்டுகிறது. நிறத்திலும் மணத்திலும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் இதைக் குடித்த குழந்தைக்குப் பல் கறையோடு முளைக்கலாம். பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு மூட்டு இறுகி எலும்பு வளையவும் கூடும். உன் வால்வுக்கும் அந்தக் குழந்தையின் பல்லுக்கும் உள்ள தொடர்பு எந்தக் கோப்பிலும் வராது. உனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே உன் டேங்க் ஆபரேட்டரையும் ஊராட்சிச் செயலர்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் குழாய்வழியே கடைசித் தொட்டிவரை போய்ப் பார். யாருக்கு எத்தனை மணி நேரம் என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வரத்து குறையும் நாளில் எல்லோருக்கும் ஒரே அளவில் குறையட்டும். கடைசித் தொட்டி நீரை மாதம் ஒருமுறை பரிசோதித்து, முடிவை எல்லா ஊர்களிலும் ஒட்டுங்கள். முக்கியமாக, எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்த மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2019-இல் நடந்தது, பேரூராட்சித் தேர்தல் 2022-இல். 2025 ஜனவரியில் ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு பக்கம் மன்றம் இருக்கும்போது மறுபக்கம் இருக்காது. வாய்மொழி ஏற்பாடு ஆளோடு போய்விடும்.

சட்டத்தில் இதற்கு இடமுண்டு. நகரமும் கிராமமும் தண்ணீரைப் பகிர்வது உள்ளிட்ட பொது விஷயங்களைக் கருத்தில் கொண்டு மாவட்ட வளர்ச்சித் திட்டம் வகுக்க அரசியலமைப்பின் 243 இசட்.டி. பிரிவு மாவட்டத் திட்டக் குழுவை வைத்திருக்கிறது. அதன் உறுப்பினர்களில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளே. ஆனால் நாளைக் காலை வால்வை எப்போது திறப்பது என்பதை அந்தக் குழு பேசாது. பிரான்சில் சிற்றூர்கள் சேர்ந்து பொது அமைப்பு நடத்த 1890-லேயே சட்டம் போட்டார்கள். நம்மிடம் அந்த அடுக்கு மெலிந்திருக்கிறது, அதை உன்போன்றவர்கள்தான் நிரப்ப வேண்டும்.

எல்லை தாண்டிச் சேர்ந்து செயல்படுவது முடியாத காரியமில்லை. கருங்குழிப் பேரூராட்சியின் கழிவுக்கசடு சுத்திகரிப்பு நிலையம் பக்கத்து மதுராந்தகம் நகராட்சியின் கழிவையும் ஏற்கிறது. இங்கும் ஒரு நாள் அப்படி நிலையம் வந்தால், லாரிகள் யார் ஊர்வழியே போகின்றனவோ அந்த ஊர்க்காரர்களை முதலில் கேள். இடம் கொடுக்கும் ஊருக்குக் கட்டணத்திலும் முடிவிலும் பங்கு இருந்தால்தான் ஏற்பாடு நிலைக்கும்.

ஒகேனக்கல் இரண்டாம் கட்டத்தைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அது வரட்டும். அதற்கு முன், உன் கிளைக் குழாயின் நேரப் பட்டியலை அடுத்த ஊராட்சிகளோடு சேர்ந்து எழுதி முடித்துவிடு தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்