சாரலிலும் பனியிலும் வெளியே கிளம்ப: வண்டன்மேட்டுக் குறிப்புகள்

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டில் பனிக்கட்டி கொட்டுவதில்லை. ஆனால் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். ஜூனில் பிடிக்கிற சாரல், ஐப்பசி அடைமழை, மார்கழி மூடுபனி என்று கொடியில் போட்ட துணி காயாத நாள்தான் அதிகம். அதற்குப் பயந்தால் பிள்ளைகள் டிவி முன்னால்தான் வளரும். கீழே கம்பத்திலிருந்து அரைக்கைச் சட்டையோடு மலையேறி வரும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்புகள்.

1. நடக்கப் போகிற நாளில் பருத்தி பனியன் வேண்டாம். ஒருமுறை வேர்வையில் நனைந்தால் சாயங்காலம்வரை உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும். விளையாட்டு வீரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன், மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றுப் புகாத கோட்டு. ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்ததும் மாட்டிக்கொள்ளுங்கள். நாம் செய்வது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது.

2. குடை கடைத்தெருவுக்குத்தான். ராமக்கல்மேட்டில் விரித்தால் கம்பி மட்டும்தான் மிஞ்சும்; அந்தக் காற்றுக்காகத்தானே அங்கே காற்றாலைகளையே நட்டிருக்கிறார்கள். ஏலத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைப் பாருங்கள்: தலையிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் தாளைக் கொங்காணியாகப் போட்டு, இரண்டு கையையும் வேலைக்கு விட்டுவிடுவார்கள். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கினாலும் இந்தக் கணக்கில் வாங்குங்கள்.

3. அட்டை. மழைக்காலத்தில் இங்கே நடக்க வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கடையில் விற்கும் அட்டை உறை கிடைக்காவிட்டால் வீட்டிலேயே தைத்துவிடலாம். நெருக்கமாக நெய்த காடாத்துணியில், பாதத்திலிருந்து முழங்கால்வரை வருகிற நீளப் பை, மேல்விளிம்பில் நாடா. சாதாரண சாக்ஸுக்கு மேல், ஷூவுக்குள் போட்டு, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்ட வேண்டும். வெள்ளைத் துணியாக இருந்தால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். புகையிலை ஊறிய தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துணி இன்னும் நல்லது. மழையில் ஊறிவிட்டால் அதன் வேகம் போய்விடும் என்பதால், உறைமேல் மறுபடி தேய்க்க உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய சின்ன முடிச்சு ஒன்றையும் பையில் வையுங்கள்.

கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். அட்டையின் ஒல்லியான முனைதான் வாய். அதன் பக்கத்தில் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். உடனே மறுமுனையையும் தள்ளிச் சுண்டிவிடுங்கள். ரத்தம் சீக்கிரம் நிற்காது. உறையாமலிருக்க ஹிருடின் போன்ற பொருளை அட்டை செலுத்திவிட்டிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டினால் போதும். பிள்ளைகள் அலறுவது வலியால் அல்ல, ரத்தத்தைப் பார்த்து.

4. நனைந்த ஷூவை அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டு வாய் பிளக்கும். உள்ளே இருக்கும் இன்சோலை உருவிவிட்டு, பழைய நாளிதழைக் கசக்கி முனைவரை திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாள் ஈரத்தைக் குடித்திருக்கும், மாற்றித் திணியுங்கள். படுக்கப் போகுமுன் இன்னொருமுறை.

5. மூடுபனியில் வண்டி ஓட்டும்போது ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். கண்ணாடி உள்பக்கம் புகைபடிந்தால் கையால் துடைக்காமல் ஏசியைப் போடுங்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் நிறுத்திக் கொடுக்க வேண்டும், இரண்டாம் கியரில்தான் இறங்கவும் வேண்டும்.

6. மழைக்காலத்தில் செல்லார்கோவில் அருவி தமிழ்நாட்டுப் பக்கம் விழுகிற அழகை மேலே நின்று பாருங்கள். வழுக்குப் பாறையில் இறங்க வேண்டாம். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலையேற்றத்தையும் இரவுப் பயணத்தையும் தடுப்பது வழக்கம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில், தோட்டத் தொழிலாளர் லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த எழுபது பேரை நிலச்சரிவு கொண்டுபோனது. அறிவிப்பு வந்த நாளில் ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று கிளம்புகிறவர்களோடு வாதாடாமல் வண்டிச் சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள்.

7. ஏலச் செடிக்கு அடிக்கடி மருந்து அடிப்பார்கள். மருந்து வாசம் வந்தால் அந்தத் தோட்டத்துக்குள் நடக்கக் கூடாது. தோட்டத்து ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள். மருந்தைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. வீட்டுத் தண்ணீரையே கொண்டுபோங்கள்.

8. இந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும். வெளியே அடுப்பு மூட்டித் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைக்க நினைத்தால் பொழுது போய்விடும். குக்கர் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் வாட்டிய இலையில் கட்டிய பொதிச்சோறு. சுக்குக் காப்பி ஊற்றுமுன் பிளாஸ்கில் வெந்நீரை ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். சூடு நெடுநேரம் நிற்கும்.

9. உறைபனி பார்க்க ஆசை இருந்தால் மூணாறுதான். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுக்கு மறுநாள் காலை செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல் வெள்ளையாக நிற்கும். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். பூப்பாறை வழியில் யானை நடமாட்டம் உண்டு, ஆகவே இருட்டில் கிளம்பாமல் முந்தின நாளே போய்த் தங்குங்கள். கார் முன்கண்ணாடியில் இரவே கோணிச் சாக்கை விரித்துவிடுங்கள். காலையில் உறைந்திருந்தால் வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். செல்போனைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

10. விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் தோட்டப் பாதையில் நடை வேண்டாம். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, 2023 மே மாதம் கம்பம் தெருவிலேயே ஓடியது. யானைக்கு மாநில எல்லை கிடையாது.

11. மார்ச், ஏப்ரலில் புல் காய்ந்திருக்கும். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாகப் பாயும். மேலே ஓடாமல், பக்கவாட்டில் புல் இல்லாத தரைக்குப் போக வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் வழிகாட்டி எவ்வளவு உறுதி சொன்னாலும் போகாதீர்கள்.

12. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பில், அல்லது தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து கால்நடையாக. பிளாஸ்டிக் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலில் உப்புப் போட்ட மோர் கொண்டுபோங்கள்.

13. கோடை மழையிலும் துலா மழையிலும் இடி பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் இறங்கும். மேட்டுக்குப் போகிற நடையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் மரத்தடியை விட்டு விலகி, இரும்புக் கூரை வைத்த வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள். படுதா போட்ட ஜீப் இதற்கு உதவாது.