தன்னைத் தான் முந்துதல்

கல்லூரி விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டம் நிகழுங்கால் இருபதின்மர் புறப்படுவாராயினும் வெற்றிக் கிண்ணம் பெறுவோன் ஒருவனே. ஏனைய பத்தொன்பதின்மரும் ஓடியது வீணோ? ஆமெனின், விளையாட்டென்பது ஒருவனை உயர்த்திப் பலரைச் சோர்விக்கும் செயலாய் முடியும். அஃது உண்மையன்று. ஓடுவோன் ஒவ்வொருவனுக்கும் பிறர் கண்ணுக்குப் புலனாகாத போட்டியாளன் ஒருவன் உளன். அவன், சென்ற முறை ஓடிய தானே ஆவன். முன்னர் ஓடிய தூரத்தை முன்னினும் குறைந்த காலத்தில் ஒருவன் கடப்பானாயின், பத்தாமவனாக வந்து சேரினும் அவன் வென்றவனே. ஊதியம் கருதாது, கல்வியையோ அலுவலையோ முதற்கடமையாகக் கொண்டு, எஞ்சிய நேரத்தில் ஓடுவோர்க்கு உரிய வெற்றி இதுவே. இஃது எவ்வாற்றான் எய்தப்படும் என்பதை ஒரு மாணவர் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ரோஜர் பானிஸ்டர் என்பார் 1946-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகம் புகுந்த ஆங்கிலேய மாணவர். வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு அரைமணி அளவே பயின்று, 1947-இல் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 24.6 விநாடியில் ஓடினார். 1949-இல் அக்காலம் 4 நிமிடம் 11 விநாடியாகவும், 1951-இல் 4 நிமிடம் 7.8 விநாடியாகவும் குறைந்தது. 1952-இல் ஹெல்சிங்கி நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நான்காமவராக வந்து, பதக்கமின்றித் திரும்பினார். அப்பொழுது அவர் இலண்டனில் புனித மேரி மருத்துவமனையில் வைத்தியம் பயிலும் மாணவர். ஓட்டத்தை விட்டுவிடலாமா என்று எண்ணியவர், பின்னர்த் தெளிந்து, நான்கு நிமிடத்திற்குள் ஒரு மைல் ஓடுவதெனத் துணிந்தார். அதுகாறும் உலகில் எவரும் அதனைச் செய்திலர். சுவீடன் நாட்டு ஹெக் என்பார் 1945-இல் ஓடிய 4 நிமிடம் 1.4 விநாடியே எல்லையாக நின்றது.

அவர் கைக்கொண்ட நெறிகளுள் முதலாவது, சிறுகச் சிறுகக் குறைத்தல். நான்கு நிமிடத்தில் ஒரு மைல் எனின், கால் மைலுக்கு அறுபது விநாடி என்பது கணக்கு. 1953 டிசம்பர் முதல், நண்பகல் உணவு வேளையில், மருத்துவமனைக்கு அண்மையிலுள்ள பாடிங்டன் திடலுக்குச் சென்று, கால் மைல் தூரத்தைப் பத்து முறை ஓடுவார். ஒவ்வொன்றன் இடையிலும் இரண்டு நிமிடம் இளைப்பாறுவார். தொடக்கத்தில் ஒரு கால் மைலுக்கு 66 விநாடி ஆயிற்று. திங்கள்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்து 61 ஆயிற்று. இவ்வாறு இடைவிட்டு ஓடுவதால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த இரத்தத்தைச் செலுத்தும் வலிமை பெறும். அவ்விரத்தம் கொணரும் பிராணவாயுவைத் தசைகளும் நன்கு பயன்படுத்தப் பழகும்.

இரண்டாவது, ஓய்வு. 61 விநாடிக்குக் கீழ் இறங்கமாட்டாது அவர் முயற்சி தேங்கி நின்றது. மேலும் மேலும் தம்மை வருத்தாது, அவர் தம் நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்து சென்று, சில நாள் மலையேறிப் பொழுது போக்கினார். மீண்டு வந்து ஓடியபொழுது 59 விநாடி எளிதிற் கைகூடியது. பயிற்சி தசையைத் தளர்விக்கும். தளர்ந்த தசை வலிமை பெறுவது ஓய்விலேயாம். ஓய்வைச் சோம்பல் என இகழ்வோர் இதனை நினைவிற் கொள்க.

மூன்றாவது, ஆற்றலைப் பங்கிட்டுச் செலவிடுதல். 1954 மே 6-ஆம் நாள் மாலை, ஆக்ஸ்போர்டு இஃப்லி சாலைத் திடலில் காற்று வீசிய வண்ணம் இருந்தது. ஓடத்தான் வேண்டுமோ என்று இறுதிவரை ஐயுற்ற பானிஸ்டர், காற்றுத் தணியவே உடன்பட்டார். முன்னே ஓடி வேகத்தை நிறுவும் பொறுப்பைப் பிராஷர் ஏற்றிருந்தார். முதற் சுற்றில் உடல் புத்துணர்ச்சியோடு இருந்தமையால், வேகம் போதாதென எண்ணிய பானிஸ்டர், விரைந்து செல்லுமாறு கூவினார். பிராஷர் அதற்குச் செவிசாயாது தம் வேகத்தையே காத்தார். அச்சுற்று 57.5 விநாடியில் முடிந்தது. அதனினும் விரைந்திருப்பின் பிற்பகுதியில் வலிமை எஞ்சியிராது. ஏனைய சுற்றுகள் முறையே 60.7, 62.3, 58.9 விநாடிகளில் முடிந்தன. மொத்தம் 3 நிமிடம் 59.4 விநாடி. எச்சுற்றும் சராசரியினின்று இரண்டரை விநாடிக்கு மேல் விலகவில்லை என்பது நோக்கத்தக்கது.

நான்காவது, நண்பர் துணை. முதலிரு சுற்றுகளில் பிராஷரும், அதன்பின் கிறிஸ் சாட்டவே என்பாரும் முன்னின்று ஓடினர். இறுதிச் சுற்றின் இடையிலேதான் பானிஸ்டர் அவர்களை முந்தினார். தன்னைத் தான் வெல்லுதற்கும் பிறர் தோள் வேண்டும்.

இனி, இவ்வரலாற்றின் பிற்பகுதி நம் பொருளுக்கு இன்றியமையாதது. உலகமே போற்றிய அவ்வெல்லை 46 நாளே நிலைத்தது. அவ்வாண்டு ஜூன் 21-இல் ஆஸ்திரேலியராகிய ஜான் லாண்டி, பின்லாந்தில் 3 நிமிடம் 58 விநாடியில் ஓடி அதனைக் கடந்தார். ஆகஸ்டு 7-இல் கனடாவின் வான்கூவர் நகரில் இருவரும் எதிர்ப்பட்டனர். பானிஸ்டர் 3 நிமிடம் 58.8 விநாடியில் ஓடி வென்றார். உலக எல்லை லாண்டியிடமே இருந்தது. எனினும் பானிஸ்டர் தம் வாழ்நாளில் ஓடிய மைல்களுள் இதுவே விரைவானது. அவ்வாண்டிலேயே அவர் பந்தயங்களை விடுத்து, நரம்பு நோய் மருத்துவராகப் பல்லாண்டு பணிபுரிந்து, 2018-இல் காலமானார். உலகத்தார் புகழும் எல்லையைப் பிறர் கவர்ந்து செல்லலாம். தனக்குத் தான் வகுத்த எல்லையைப் பிறர் எவரும் கவர இயலாது.

நம் மாணவர்க்கும் இந்நெறிகள் அரியன அல்ல. ஒரே திடலில் ஒரே தூரத்தைத் தேர்ந்து ஓடுக. நாள், காலம், வெயில், காற்று ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஒரு முறைக்கு மறுமுறை ஓரிரு விநாடி குறைவதையே பெரும்பேறாகக் கொள்க. வாரத்தில் ஓய்வு நாளைத் தவறாது போற்றுக. முதற் சுற்றில் உள்ளம் துள்ளுங்கால் அதனை அடக்குக. உடன் ஓட நண்பன் ஒருவனைத் தேடிக்கொள்க. அடுத்த விளையாட்டு விழாவில் கிண்ணம் பெறாத பத்தொன்பதின்மரும் தத்தம் குறிப்பேட்டைப் புரட்டி, முன்னைய எண்ணினும் சிறிய எண்ணை எழுதி மகிழ்வாராக.