மொட்டை மாடி சோலார்: எந்தச் சந்தேகம் சரி?

அவனியாபுரத்தில் சோலார் பேச்சு எடுத்தால் முதலில் காதில் விழுவது, "நம்ம ஊரு வெயிலுக்குக் கரண்டு கொட்டும்ல?" என்பதுதான். கரண்டு தருவது வெயிலின் வெளிச்சம். அதன் சூடு உற்பத்தியைக் குறைக்கிறது. தகட்டின் திறனை 25 டிகிரியில் அளந்து எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இழப்பு. சித்திரை மதியத்தில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். காற்று அடியில் புகுந்து போகும்படி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

"ஊரே இருட்டானாலும் நம்ம வீட்டுல விளக்கு எரியும்." எரியாது. பணம் கட்டிய பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது என்பது எனக்கு வருத்தம். பேட்டரி இல்லாமல், ஈ.பி. லைனோடு இணைத்த சோலார், லைன் போனதும் தானாக நின்றுவிடும். நின்றே ஆகவேண்டும். இல்லையென்றால் நம் மாடியிலிருந்து போகும் மின்சாரம் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும்.

"மானியமெல்லாம் சும்மா விளம்பரம்." இந்தச் சந்தேகம் தவறு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 தருகிறார்கள். ஆனால் அது மீட்டர் பொருத்திய பின்தான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை நம் கைப்பணம், அல்லது கடன்.

"யார் போட்டாலும் லாபந்தேன்." விற்பவர்கள் சொல்லும் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். 200 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்குப் பில்லே சிறியது. போட்ட முதல் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். ஏ.சி. ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண விகிதமே மாறுகிறது; நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும் 1 கிலோவாட் கூட இரண்டு மாதத்தில் 240 யூனிட்டைக் கழித்துக் கொடுப்பதால், அங்கேதான் லாபம். இன்னொன்று, மானியம் சொந்த மாடி உள்ளவரைத்தான் தேடிப் போகிறது. வாடகை வீட்டுக்காரர் அதில் இல்லை. திட்டத்தின் மீது வைக்க வேண்டிய நியாயமான குறை இது.

"ராத்திரிக்கு என்ன செய்வீக?" கேட்க வேண்டிய கேள்வி. 2016 முதல் ஓடும் கமுதியின் 648 மெகாவாட் சோலார் நிலையமும் பொழுது சாய்ந்தால் ஓய்ந்துவிடும். பிறகு பெரும்பாலும் தூத்துக்குடி, மேட்டூர் போன்ற அனல் நிலையங்களின் நிலக்கரிதான். மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும் வழியும் நம்மிடம் உண்டு. வால்பாறை மலைப்பக்கம் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களிலேயே வந்துவிட்டது. குந்தாவில் திட்டமிட்ட 500 மெகாவாட்டின் வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. எத்தனை மெகாவாட் தகடு பதித்தோம் என்று அரசு அறிவிக்கும்போதெல்லாம், அதில் எவ்வளவை இரவுக்குச் சேமிக்க முடியும் என்றும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.