மியூனிக்கில் முதலில் வேண்டியது முகவரி

ஜெர்மனிக்கு இரண்டு வருட வேலை என்றதும் சொந்தபந்தம் முழுவதும் என் சூட்கேசுக்குள் தலையை விட்டது. புளி எடுத்துக்கோ, சின்ன குக்கர் எடுத்துக்கோ, ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிடு. கல்யாணமான பெண் தனியாக முன்னால் போகலாமா என்று ஒரு பக்கம் பட்டிமன்றம். புளியும் சாம்பார் பொடியும் மியூனிக்கில் இலங்கைத் தமிழர் கடைகளிலேயே கிடைக்கின்றன. அலுமினிய குக்கரை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் அது சூடே ஆகாது. ஆகவே பெட்டியைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

என்னை அலைக்கழித்தது முகவரி. ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் பதிய மாட்டார்கள். 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். விசாவை வதிவிட அட்டையாக மாற்றப் போனாலும் முதலில் கேட்பது அந்தப் பதிவுச் சான்றைத்தான்.

இதை நிறுவனத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் மாதத்துக்கு ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் கொடுத்து, "வீடெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று அனுப்பி வைத்தார்கள். அந்த இடத்தில் பதிவுக்கான சான்றும் தரவில்லை. ஜெர்மனியிலேயே வாடகை அதிகமான நகரம் மியூனிக். ஒரு வீடு காலியானால் பார்க்க வருபவர்களின் வரிசை மாடிப்படி வரை நிற்கும். கடனை ஒழுங்காகக் கட்டுபவர்தானா என்று காட்டும் 'ஷூஃபா' அறிக்கையும் பழைய சம்பளச் சீட்டுகளும் கேட்பார்கள். வந்து இறங்கியவளிடம் இரண்டும் எப்படி இருக்கும்?

அந்த நேரத்தில்தான் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். "ரூம் இருக்கும்மா. ஆபீசுக்கு ஒரே ரயில். நம்ம சாப்பாடு. நம்ம ஆளுங்களுக்கு நாமதானே பார்க்கணும்?" முன்பணம் கைமாறிய பிறகு மெல்ல இழுத்தார்: "பதிவு மட்டும் வேண்டாம்மா. ஓனருக்குத் தெரியாம உள்வாடகைக்கு விட்டிருக்கேன்." உள்வாடகைக்கு விடுபவரும் அந்தச் சான்றைத் தரச் சட்டப்படி கடமைப்பட்டவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதிவு இல்லாததால் வரி எண்ணும் வரவில்லை. வரி எண் கொடுக்காதவர்களுக்குச் சம்பளப் பிரிவு கொஞ்ச காலம் பொறுக்கும். பிறகு ஆறாம் வரி வகுப்பின்படி பிடிக்கத் தொடங்கும். அதில் அடிப்படை விலக்கே கிடையாது; முதல் யூரோவிலிருந்தே வெட்டு. கணவர் வந்து, அவருக்கு வருமானம் இல்லாத நிலையில் இருவரும் அங்கே பதிந்திருந்தால், எனக்குரியது வரி குறைவான மூன்றாம் வகுப்பு. அவரை வரவழைக்க அந்த அறையில் இடம் ஏது? அதிகம் பிடித்த பணம் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பி வரும் என்று ஆறுதல் சொன்னார்கள். வரும்தான். புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய மாதத்தில் வராது. "படித்த பெண், விசாரிக்க வேண்டாமா?" என்று இப்போது கேட்பவர்கள், நவம்பர் குளிரில் இரண்டு சூட்கேசோடு ஒரு நாள் மியூனிக் தெருவில் நின்று பார்க்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வேலை உத்தரவில் கையெழுத்திடும் முன்பே, பதிவுக்கான சான்று தரும் தற்காலிக வீட்டை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாடகை கூடுதலானாலும் பரவாயில்லை; ஆறாம் வகுப்பு வரியிலிருந்து தப்பலாம். நகராட்சி அலுவலகத்தில் நேரம் முன்பதிவு செய்வதை ஊரிலிருந்தே இணையத்தில் முடித்துவிடுங்கள். வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். முன்பணம், இதர செலவுகள் சேராத வெறும் வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள், கேட்ட தொகையைக் கேட்டபடி எடுத்து நீட்டிவிடாதீர்கள். பல வீடுகளில் அடுப்பு, சிங்க் எதுவுமே இருக்காது. அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

இன்னொன்றை நம்மவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். ஜெர்மன் முகவரிகளில் பெரும்பாலும் ஃபிளாட் எண் இருக்காது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நமக்கோ பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்பது அப்பா பெயர். கடைசியில் ஒழுங்கான வீடு கிடைத்து, பெட்டியில் என் பெயரை அழகாக எழுதி ஒட்டினேன். வரி எண் கடிதம் அப்பா பெயரைத் தேடி வந்து, காணாமல் திரும்பிப் போயிற்று. இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்.

மற்றவை சில்லறை விஷயம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு எட்டுக்குள் அரிசி, பால் வாங்கிவிடுங்கள். ரயிலில் தடுப்புக் கதவு இல்லையே என்று டிக்கெட் இல்லாமல் ஏறினால் 60 யூரோ அபராதம். நம் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும்.

அந்த ஊர்க்காரர் இன்னும் அறை வாடகைக்கு விடுகிறார் என்று கேள்வி. உங்களுக்கும் போன் வரலாம். சாப்பாட்டைப் பற்றிப் பேச விடாதீர்கள். "அன்மெல்டுங் உண்டா, இல்லையா?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் ஹோட்டலிலேயே இன்னும் ஒரு வாரம் தங்குங்கள். அந்தச் செலவு உங்களுக்கு லாபம்.